கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கரண்ட்டை வீணடிக்கிறதா? அளப்பது இப்படி

மின் கட்டணத்தை மட்டும் பார்த்து நிலையம் சிக்கனமாக ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. அன்றைய யூனிட்டை அன்று வந்த தண்ணீரால் வகுங்கள்: 1,000 கன மீட்டருக்கு 400 யூனிட் என்றால், கன மீட்டருக்கு 0.4. இதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் மழைநீர் கலந்து 1,500 கன மீட்டர் வந்தால் அதே 400 யூனிட் 0.27 ஆகி, யாரும் எதையும் செய்யாமலே திறன் கூடிவிட்டது போலக் காட்டும்.

அதனால் நீக்கிய பி.ஓ.டி. கணக்குதான் முக்கியம் (பி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்; அழுக்கின் அளவுகோல்). உள்ளே லிட்டருக்கு 250 மில்லிகிராம், வெளியே 20 என்றால், 1,000 கன மீட்டரில் நீங்கியது 230 கிலோ. 400-ஐ 230-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 1.74 யூனிட். காலையில் ஒரு பாட்டில் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும்; 24 மணி நேரமும் வரத்துக்கு ஏற்ப எடுத்துக் கலந்த மாதிரிதான் வேண்டும்.

அப்புறம், தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயருக்குத் தனி மின் மீட்டர் போடுங்கள். காற்றூட்டும் தொட்டி உள்ள நிலையங்களில் பெரும்பாலும் பாதி மின்சாரம் அங்கேதான் போகிறது. அந்தத் தொட்டி நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பொதுவாகப் போதும். ராத்திரி வரத்து குறைந்த நேரத்தில் 5 காட்டினால் காற்று வீண். புளோயர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே.