குழாய் போட்ட பெரியவர் தலையை ஆட்டினால் உடனே பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

யாங்கோனில் ஒரு ஐசியூ. பர்மிய நர்ஸ் தமிழ்த் தாத்தா ஒருவரிடம் வலிக்கிறதா என்று கேட்கிறார். வென்டிலேட்டர் வழியாக மூச்சு கொடுக்க வாயில் குழாய் இருப்பதால் அவரால் பேச முடியாது. தலையை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்க்கிறார். நம் வீட்டில் அது ‘ஆமாம்’ என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பர்மியர்கள் ஆமாம் என்றால் தலையை மேலும் கீழும்தான் அசைப்பார்கள், பக்கவாட்டில் போகும் தலை அவர்கள் கண்ணுக்கு ‘இல்லை’. வலி இல்லை என்று சார்ட்டில் ஏறிவிடுகிறது. கேட்டவர் மேலும் தவறில்லை, சொன்னவர் மேலும் தவறில்லை. எந்தச் சைகைக்கு எது பதில் என்று முன்கூட்டியே பேசி வைக்காததுதான் தவறு. நம் ஆட்கள் பர்மிய நர்ஸ்களிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான்.

அதனால் தலையை நம்ப வேண்டாம். குழாயோடு தலையை அசைப்பதும் சிரமம். ‘ஆமாம்’ என்றால் கண்ணை நன்றாக மூடித் திறங்க, ‘இல்லை’ என்றால் ஆள்காட்டி விரலைத் தூக்குங்க என்று ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை என்று வைத்தால் சாதாரணச் சிமிட்டலும் பதிலாகிவிடும். கையை அழுத்தச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளங்கையில் விரலை வைத்ததும் தானாகவே பிடித்துக்கொள்ளும் அனிச்சை சிலருக்கு இருக்கும். “அழுத்துங்க” என்றபின் “விடுங்க” என்றும் சொல்லிப் பாருங்கள். சொன்னதும் விட்டால்தான் அது பதில்.

அப்புறம், நம் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம். சயாமா (நர்ஸை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) கேட்டால் புரியாவிட்டாலும் மரியாதைக்கு ஆமாம் என்று விடுவார்கள். அதனால் பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கலந்து கேளுங்கள். பெருமாள் என்பவரிடம் “உங்க பேரு முருகனா?” என்று கேளுங்கள். அதற்கும் ஆமாம் என்றால் அதற்கு முன் வாங்கிய பதில்களையும் திரும்பக் கேட்க வேண்டியதுதான். “வலிக்குதா, தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமா” என்று மூன்றை ஒரே மூச்சில் கேட்டால் எந்தப் பதிலுக்கும் அர்த்தமில்லை. ஒன்றைக் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். வயதானவருக்கு, அதுவும் மயக்க மருந்து ஓடும்போது, பதில் மெதுவாகத்தான் வரும். நாம் அடுத்த கேள்விக்குப் போனபிறகு வரும் பதில் முதல் கேள்விக்கானதாக இருக்கும்.

குரல் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது பெரிய கொடுமை. வாய் வழியாகப் போகும் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே இறங்குகிறது, அதனால் சத்தம் வராது. கண் விழித்த பெரியவருக்கு அது தெரியாது. வாதம் அடித்து வாய் போய்விட்டது என்று நினைத்து அழுபவர்கள் உண்டு. “தாத்தா, தொண்டையில குழாய் இருக்கு, அதான் பேச வரலை. எடுத்தப்புறம் குரல் வரும், கொஞ்ச நாள் கரகரன்னு இருக்கும்” என்று தமிழில் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது, ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்ல வேண்டும். மருந்தில் மறந்துபோகும். “பயப்படாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதால் பயம் குறையாது.

எழுத்துகளைக் காட்டிச் சொல்ல வந்ததைச் சொல்ல உதவும் எழுத்துப் பலகைக்கு வருவோம். 1965-ல் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது இங்கே பர்மாவில் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்கு முன் படித்தவர் இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார். அவருக்குத் தமிழ் எழுத்து ஓடும், பர்மிய எழுத்து ஓடாமல் இருக்கலாம். அவருக்குப் பின் பிறந்தவருக்கு நேர்மாறாக இருக்கலாம். எதுவும் வாசிக்காதவரும் உண்டு, அவருக்குப் படங்கள்தான். யார் எதை வாசிப்பார் என்பதை வீட்டாரிடம் கேட்காமல் பலகையை நீட்டாதீர்கள்.

தமிழ்ப் பலகை செய்பவர்கள் 247 எழுத்தையும் கட்டம் கட்டி வைத்துவிடுகிறார்கள். அதில் விரலை நகர்த்தவே ஒரு மணி நேரம் ஆகும். மெய் 18-ஐ மூன்று வரிசையாக, உயிர் 12-ஐ இரண்டு வரிசையாகப் பெரிதாக எழுதினால் போதும். “முதல் வரிசையா? இரண்டாவதா?” என்று நீங்கள் கேளுங்கள், அவர் கண்ணை மூடித் திறக்கட்டும். வரிசை கிடைத்ததும் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ‘த’ வந்ததும் “தண்ணியா?” என்று பாய்ந்துவிடாதீர்கள். தலைவலியும் ‘த’தான், தலையணையும் ‘த’தான். நாம் தண்ணி என்று முடிவுகட்டி உதட்டை நனைத்துவிட்டுப் போவோம். அவர் கேட்டது கழுத்துக்கடியில் சரிந்துபோன தலையணையாக இருக்கும்.

கண்ணாடியும் காது மெஷினும் பெட்டியில் தூங்குகிற கட்டிலில் எந்தப் பலகையும் பலிக்காது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேட்பதில்லை. கத்தினாலும் தெளிவாகாது. கீச்சென்று இல்லாமல் கனத்த குரலில், நிதானமாக, முகம் தெரிய நின்று பேசுங்கள். மாஸ்க் போட்டிருந்தால் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை, அப்போது கைச்சைகை கூடுதலாக வேண்டும். எழுதச் சொல்வதாக இருந்தால் எந்தக் கையில் ஊசி இருக்கிறது, கை கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தடிமனான பேனாவைக் கொடுங்கள்.

பிரஷரும் நாடித்துடிப்பும் ஏறவில்லை, அதனால் வலி இல்லை என்று சொல்வதும் தப்புக் கணக்குதான். அவரால் எந்த வகையிலும் சொல்ல முடியாதபோது முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது ஆகிய நான்கையும் பார்த்து 0 முதல் 8 வரை மதிப்பெண் போடும் சிபிஓடி (CPOT) என்ற முறை இருக்கிறது. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட எளிதாகக் கண்ணுக்குத் தப்புவது அமைதியான மனக்குழப்பம். பிடுங்காமல், புரளாமல், கூரையைப் பார்த்தபடி கிடப்பவரை ‘நல்ல நோயாளி’ என்கிறோம். அது டெலிரியமாக இருக்கலாம், வயதானவர்களிடம் இந்த வகை அதிகம். குரல் தேவைப்படாத சோதனை இதற்கு உண்டு: ஆங்கில எழுத்துகளை வாசித்து, ‘ஏ’ வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். ஆங்கிலமே தெரியாத பாட்டியிடம் அதைச் செய்தால் குழப்பம் இல்லாதவருக்கும் குழப்பம் என்று எழுதிவிடுவோம். படங்களை வைத்துச் செய்யும் முறையைக் கேட்டு வாங்குங்கள்.

பேரனை மொழிபெயர்க்க வைப்பது கைகொடுக்கும், ஆனால் அவன் பெரியவர் மனம் நோகக்கூடாது என்று பாதியை விழுங்குவான். மருத்துவ முடிவுகளுக்குத் தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது கிடைக்கிறாரா என்று தேடுங்கள். கட்டிலுக்கு மேலே நின்று, அவர் இல்லாததுபோல அவரைப் பற்றிப் பேசுவதையும் விடுங்கள். காது கேட்கிறது.

தொண்டையில் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு வைக்கும் மூச்சுக் குழாய்) போட்டவருக்குப் பேச்சு வால்வு பொருத்தலாம். அது மூச்சைக் குழாய் வழியே உள்ளே மட்டும் விடும், வெளியே விடும் மூச்சு குழாயைச் சுற்றிக் குரல் நாண் வழியாகப் போக வேண்டும். குழாயின் பலூனில் காற்றை முழுதும் இறக்காமல் வால்வைப் போட்டால் இழுத்த மூச்சை வெளியே விட முடியாது, உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

ஷிப்ட் மாறும்போது இவ்வளவும் காணாமல் போகும். தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், தமிழிலும் பர்மியத்திலும்: ஆமாம் எது, இல்லை எது, எந்த மொழி, வாசிப்பாரா, எந்தக் காது கேட்கும், கண்ணாடி எங்கே இருக்கிறது, என்ன சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்.