தாத்தாவின் கட்டிலருகே பேரப்பிள்ளைக்கும் இடம் கொடுங்கள்

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு, வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்குச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அந்தப் பணியில் இருக்கும் நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர் பிள்ளையிடம், “வெளியே போய் விளையாடு” என்பார். தயவுசெய்து விரட்டாதீர்கள். அதுவும் உட்காரட்டும், கேள்வி கேட்கட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள்: “தாத்தாவுக்குப் புற்றுநோய். மருந்தால் வலி குறையும், நோய் குணமாகாது. சீக்கிரம் இறந்துவிடுவார்.” ‘தூங்கிவிட்டார்’ என்று கேட்ட பிள்ளை இரவில் கண்மூட அஞ்சும். ஐந்து வயதுக்குள் என்றால் “எப்போது திரும்பி வருவார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கும், “இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார்” என்று சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை, தான் சேட்டை செய்ததால்தான் நோய் வந்ததோ என்று மனத்துக்குள் மறுகும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: இதில் உன் தவறு எதுவும் இல்லை.

ஒரு வேலையும் கொடுங்கள். சுத்தமான பஞ்சை நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, வறண்ட உதட்டில் மெல்ல ஒற்றி எடுக்க எட்டு வயதுப் பிள்ளைக்கு அழகாக வரும். சொட்ட விடக்கூடாது, புரையேறும். மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டை கரகரக்கும் என்பதை முன்பே சொல்லி வைத்தால் கடைசி நாளில் மிரளாது.

நெய்ப்பந்தம் பிடிப்பது பேரப்பிள்ளைகளின் உரிமை. பறை எவ்வளவு சத்தமாக ஒலிக்கும், யாரெல்லாம் கதறி அழுவார்கள் என்று சொல்லிவிட்டு, விருப்பமா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். சித்தியோ மாமாவோ ஒருவர் அன்று முழுக்கப் பிள்ளையின் கூடவே இருக்கட்டும்; அழுது ஓய்ந்த தாயால் அது முடியாது. தாத்தா இப்போது எங்கே என்றால் உங்கள் வீட்டு நம்பிக்கையைச் சொல்லுங்கள். ‘சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார்’ என்று மட்டும் வேண்டாம். அடுத்து அம்மாவையும் கூட்டிப் போவாரோ என்று சாமியைக் கண்டாலே பயம் வந்துவிடும்.

அப்பாவை இழந்த பத்து வயதுப் பையனிடம் “இனி நீதான் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்னும் உறவினர்களை அதட்டியாவது நிறுத்துங்கள். பதினாறாம் நாள் காரியத்தோடு பிள்ளையின் துக்கம் முடிவதில்லை. காலையில் ஓடியாடும், மாலையில் தாத்தாவின் துண்டைக் கட்டிக்கொண்டு அழும். அது இயல்பு. வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். வாரக்கணக்கில் சரியாக உண்ணாமல், உறங்காமல் இருந்தாலோ, “நானும் தாத்தாவிடம் போகிறேன்” என்றாலோ உடனே அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.