மனையைப் பிரிப்பதற்கு முன் தூண் பலகையைப் பாருங்கள்: அமெரிக்க நகரத் திட்டக் குழுவில் விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் சிறிய வணிக வளாகம் ஒன்றை நண்பர்கள் இருவருடன் சேர்ந்து வாங்கினேன். சாலையை ஒட்டிய மூலையைத் தனி மனையாகப் பிரித்து விற்கவும், வளாகத்தின் பழைய தூண் பலகையை (கடைகளின் பெயர்களைத் தாங்கித் தூணின்மேல் நிற்கும் பலகை) புதுப்பிக்கவும் விரும்பினோம். இவற்றை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளாகக் கருதி, நகரத் திட்டக் குழுவிடம் தனித்தனியாக விண்ணப்பித்தோம். அதனால் ஐந்து மாதங்கள் வீணாயின. முதன்முறையாக விண்ணப்பிக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு அந்தக் காலதாமதம் நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: யார் எதை முடிவு செய்கிறார்கள்?

நாடு முழுவதற்கும் பொதுவான மனைப்பிரிவுச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மாநிலச் சட்டம் அதிகாரத்தை நகரத்துக்கோ கவுண்டிக்கோ (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டம் போன்றது) வழங்குகிறது. அவை தத்தம் விதிகளை எழுதிக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் நான்கு மனைகள் வரையிலான பிரிவினைக்குப் பொதுவாகப் ‘பார்சல் மேப்’ என்ற எளிய வகை வரைபடம் போதும், அதற்கு மேல் போனால் ‘ஃபைனல் மேப்’ என்ற விரிவான வகை தேவைப்படும். டெக்சாஸில் மனைப்பிரிவு வரைபடத்தைத் தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் நகரம் தன் முடிவைத் தெரிவித்தாக வேண்டும். சிறிய பிரிவினைகளையும் விதிக்கு உட்பட்ட பலகைகளையும் பல நகரங்களில் அலுவலர்களே அனுமதித்துவிடுகிறார்கள் என்பதால், உங்கள் விண்ணப்பம் குழுவின் முன் போகத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேளுங்கள்.

குழுவின் முன் போனாலும் எல்லா விண்ணப்பங்களுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. மனைப்பிரிவு வரைபடம் எழுதப்பட்ட விதிகள் அனைத்தையும் நிறைவு செய்தால், அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்கும் உரிமை பெரும்பாலான மாநிலங்களில் குழுவுக்குக் கிடையாது. உயரம் அல்லது பரப்பு விதியிலிருந்து விலக்குக் கேட்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அப்போது நிலத்தின் அமைப்பாலேயே இடர்ப்பாடு நேர்கிறது என்பதை நீங்கள் மெய்ப்பிக்க வேண்டும். வியாபாரம் குறைகிறது என்ற வாதம் எடுபடாது.

இரண்டாம் படி: சரியான நில அளவை

கவுண்டி இணையதளத்திலுள்ள வண்ண வரைபடத்தை நம்பி எதையும் வரையாதீர்கள். அதன் எல்லைக்கோடுகள் வரி விதிப்புக்காகப் போடப்பட்டவை. சில அடிகள் தள்ளியும் இருக்கலாம். செலவு கூடினாலும், உரிமம் பெற்ற சர்வேயரிடம் ‘ஆல்டா’ (எல்லைகளோடு வழியுரிமைகளையும் காட்டும், நாடு தழுவிய தரத்திலான) அளவையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் விருப்பப் பட்டியலில் வாகன நிறுத்தங்களின் எண்ணிக்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள், பின்னர் அது கட்டாயம் தேவைப்படும். நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் தரும் அறிக்கையில் ‘ஷெட்யூல் பி’ பகுதியை வரி வரியாகப் படியுங்கள். பழைய வழியுரிமைகளும் (பிறர் நிலத்தை ஒரு குறிப்பிட்ட தேவைக்குப் பயன்படுத்தும் உரிமைகள்) கட்டுப்பாடுகளும் அங்கேதான் பட்டியலிடப்பட்டிருக்கும்.

மூன்றாம் படி: எல்லைக்கோடு பலகையை என்ன செய்கிறது?

நாங்கள் இடறியது இங்கேதான். பெரும்பாலான நகர விதிகள் பலகைகளை இரண்டு வகையாகப் பார்க்கின்றன. தான் நிற்கும் மனையிலுள்ள கடையை அறிவிப்பது ‘ஆன்-பிரெமிஸ்’ பலகை. வேறொரு மனையிலுள்ள கடையை அறிவிப்பது ‘ஆஃப்-பிரெமிஸ்’ பலகை. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பல நகரங்கள் புதிதாக அனுமதிப்பதே இல்லை. இப்படி வகை பிரிப்பது பலகையின் உள்ளடக்கத்தை வைத்துப் பாகுபடுத்துவது ஆகாது என்று ஆஸ்டின் நகரம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது.

எங்கள் தூண் பலகை, விற்கவிருந்த மூலையில் நின்றது. அதில் பெயர் பொறித்திருந்த கடைகள் அனைத்தும் மீதி நிலத்தில் இருந்தன. ஆகவே நாங்கள் போட்ட எல்லைக்கோடு, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமலேயே, சட்டப்படி நின்றிருந்த பலகையைத் தடை செய்யப்பட்ட வகைக்கு மாற்றிவிட்டது. எங்களிடம் பலகைக்கான வழியுரிமைப் பத்திரம் தயாராக இருந்ததால் கவலையில்லை என்றே எண்ணினோம். அந்தப் பத்திரம் பிறர் நிலத்தில் பலகையை நிறுத்தும் உரிமையை உங்களுக்கு அளிக்கிறதே தவிர, நகர விதியில் பலகை எந்த வகை என்பதை மாற்றுவதில்லை என்று திட்ட அலுவலர் விளக்கினார். முன்னது இரு தனியாருக்கு இடையிலான ஒப்பந்தம், பின்னது நகரத்தின் சட்டம். இந்த வேறுபாட்டை நான் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

தீர்வு மூன்று வழிகளில் வரலாம். பலகை கடைகளின் பக்கமே இருக்கும்படி கோட்டை வளைத்து வரைவது மிக எளியது. ஆனால் புதிய மனைக்குச் சாலையோர முகப்பு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல மனைகளாகப் பிரிந்திருந்தாலும் ஒருங்கே இயங்கும் வளாகத்தை ஒரே இடமாகக் கருதும் விதி சில நகரங்களில் உண்டு. அது இருந்தால், ‘மாஸ்டர் சைன் பிளான்’ எனப்படும் ஒட்டுமொத்தப் பலகைத் திட்டத்தை மனைப்பிரிவு விண்ணப்பத்தோடு சேர்த்தே அளித்துவிடுங்கள். நாங்கள் இறுதியில் இந்த வழியில்தான் அனுமதி பெற்றோம். இரண்டுக்கும் இடமில்லாதபோது மட்டுமே விலக்குக் கேட்கலாம்.

அதே கோடு வேறு சிலவற்றையும் தொடுகிறது. ஒவ்வொரு மனையிலும் போதிய வாகன நிறுத்தம் இருக்க வேண்டும் அல்லது பகிர்வு ஒப்பந்தம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்தங்களையும் மறுபடி எண்ண வேண்டும். கோடு கட்டடச் சுவரை நெருங்கினால், அச்சுவரின் தீத்தடுப்புத் திறனும் சன்னல்களும் கட்டட விதிப்படி கேள்விக்குள்ளாகும்.

நான்காம் படி: பலகையின் வரைபடம்

அளவு, உயரம், ஒளியமைப்பு, சாலையிலிருந்து உள்ள தூரம் ஆகிய அனைத்தையும் அளவுத்திட்டத்தோடு காட்டுங்கள். எழுத்துக்களைச் சுற்றி மட்டும் பரப்பைக் கணக்கிட வேண்டுமா, முழுப் பெட்டியையும் கணக்கிட வேண்டுமா, இரண்டு முகங்களையும் கூட்ட வேண்டுமா என்பதை உங்கள் நகர விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பலகைக்கு இதனால் இரண்டு மடங்கு வேறுபாடு வரக்கூடும். கணினியில் மெருகேற்றிய படத்தைவிட, சாலையில் ஓட்டுநரின் கண்மட்டத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் பலகையைப் பொருத்திக் காட்டுவதே குழுவினருக்கு உதவும் என்பது என் கருத்து. மணிக்கு 40 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 59 அடி கடக்கிறது. எழுத்து பெரிதாக வேண்டும் என்பதை விளக்க இந்தக் கணக்கைவிட நல்ல சான்று இல்லை.

பழைய பலகை இன்றைய வரம்பைவிட உயரமாக இருந்தும், விதி வருவதற்கு முன்பே நின்றது என்ற உரிமையால் நீடிக்கிறது என்றால், முகத்தகட்டை மட்டும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். தூணையோ சட்டகத்தையோ மாற்றினால் அந்த உரிமை போய்விடலாம்.

ஐந்தாம் படி: விசாரணை நாள்

கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாக அலுவலரின் அறிக்கை வெளியாகும். பரிந்துரையைவிட அதிலுள்ள நிபந்தனைகளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஏற்க முடியாத நிபந்தனை இருந்தால் கூட்டத்துக்கு முன்பே அலுவலரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கான காலம் மிகக் குறுகியது. 10 நாட்கள் மட்டுமே தரும் நகரங்கள் உண்டு.

பிற்சேர்க்கை 1: பலகையில் தமிழ் எழுத்துக்களை வைக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கலிபோர்னியாவின் பொமோனா நகரம், அயல்மொழி எழுத்துள்ள கடைப்பலகையில் பாதிப் பரப்பாவது ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 1989இல் அதைச் செல்லாதது என்றது. கில்பர்ட் நகர வழக்கில் 2015இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், பலகை சொல்லும் செய்தியை வைத்து வேறுபடுத்தும் விதிகளை மிகக் கடுமையாகச் சோதிக்கச் சொல்கிறது. ஆகவே தமிழ் எழுத்துக்கு அனுமதி கேட்கத் தயங்காதீர்கள்.

பிற்சேர்க்கை 2: அனுமதி கிடைத்த பிறகும் விற்பனை நின்றுபோனதாக இன்னொருவர் எழுதியிருந்தார். கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதலை அவர் வாங்கவில்லை. அதைத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். பெரிய வாடகைதாரரின் ஒப்பந்தத்தில் வாகன நிறுத்தம், பலகை பற்றிய உரிமைகள் இருந்தால் அவருடைய சம்மதத்தையும் பெறுங்கள். இன்னொன்று: இரு மனைகளும் ஒரே உரிமையாளரிடம் இருக்கும்வரை, தன் நிலத்தின்மீது தனக்கே வழியுரிமை இருக்க முடியாது என்ற சட்டக் கொள்கையால் பத்திரம் பயனற்றுப் போகக்கூடும். இதற்கான வாசகத்தை வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் செய்து, வரைபடம், வழியுரிமைப் பத்திரம், விற்பனைப் பத்திரம் என்ற வரிசையிலேயே கவுண்டி பதிவகத்தில் பதிவு செய்யுங்கள்.