முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஆங்கில முன்னுரை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

போன மாதம் ஏழு ஸ்காலர்களின் முதல் அத்தியாயங்களைப் படித்தேன். துறைகள் வேறு வேறு. ஆனால் எல்லோரும் என்னைப் போலவே தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். ஏழில் ஐந்து பேரின் முன்னுரையில், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே வாக்கியம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்ட்டிகிள் விடுபடுவது, ப்ரிபொசிஷன் மாறுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. நன்றாக மெய்ப்பு பார்க்கத் தெரிந்த ஒருவர் அவற்றைச் சில நாட்களில் சரிசெய்துவிடுவார். ஆய்வேட்டைத் திருப்பி அனுப்ப வைக்கும் தவறுகள் வேறு.

"இதுவரை யாரும் ஆராயவில்லை"

"இந்த மாவட்டத்தில் இத்தகைய ஆய்வு இதுவரை நடைபெறவில்லை. ஆகவே இந்த ஆய்வு தேவைப்படுகிறது." நான் சொன்ன வாக்கியம் இதுதான். ஆங்கிலத்தில் இலக்கணம் சுத்தமாக இருக்கும், கைடும் டிக் போட்டுவிடுவார். எனக்கும் போட்டார்.

என் ஆய்வு, கல்லூரி முதலாண்டு மாணவர்களின் ஆங்கில வாசிப்பைப் பற்றியது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒருவரின் அறிக்கையில் ஒரே ஒரு கேள்விதான் கனமாக இருந்தது: "இந்த மாவட்டத்து மாணவர்கள் பக்கத்து மாவட்டத்து மாணவர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறார்கள்?" என்னிடம் பதில் இல்லை. தரவும் சரி, கணக்கும் சரி. எதற்காக இந்த ஆய்வு என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை. முன்னுரையைத் திருத்த உட்கார்ந்தால், அதை நம்பி எழுதிய கடைசி அத்தியாயமும் சேர்ந்து ஆடியது. எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதத்துக்குள் வந்த ஒரு நிரந்தர வேலைக்கு, கையில் பட்டம் இல்லாததால் விண்ணப்பிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த வாக்கியத்தை யாருடைய பக்கத்திலாவது பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எழுதிய பிள்ளைமேல் அல்ல, அதை முதலிலேயே பிடிக்காமல் விடுகிற எங்கள்மேல்.

ஒரு வேலையை யாரும் செய்யாமல் விட்டதற்கு, அதற்குத் தேவையே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். படிக்கிறவருக்கு முதலில் எழும் சந்தேகமே அதுதான். அதைத் தீர்ப்பதுதான் முன்னுரையின் வேலை.

ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரை எப்படி நகர்கிறது என்பதை மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் மூன்று நகர்வுகளாக விளக்கினார்: களத்தைக் காட்டுவது, அந்தக் களத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைக் காட்டுவது, அந்த இடத்தில் போய் அமர்வது. பலரும் கவனிக்காமல் விடுவது இரண்டாவது நகர்வை. அதற்கு அவர் நான்கு வழிகள் சொன்னார். முந்தைய முடிவை மறுக்கலாம், ஒரு குறையைச் சுட்டலாம், ஒரு கேள்வி எழுப்பலாம், ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையை மேலே கொண்டுபோகலாம். நம் ஸ்காலர்களுக்கு இந்த நான்கில் குறையைச் சுட்டுவது ஒன்றுதான் தெரிகிறது. அதிலும் மிகப் பலவீனமான வடிவத்தை, அதாவது ஊர்ப்பெயரை மாற்றுவதை, எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம். தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. "இந்த வட்டத்தில் ஃபுளோரைடு அளக்கப்படவில்லை" என்று எழுதினால், "சரி, அளந்தால் என்ன தெரிந்துவிடும்?" என்ற கேள்வி அப்படியே நிற்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: "முந்தைய ஆய்வுகள் ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்தன. இப்போது மக்கள் குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையும், சமைக்கப் பழைய போர்வெல் தண்ணீரையும் பயன்படுத்துகிறார்கள் என்றால், கிணற்று அளவை மட்டும் வைத்து உடம்புக்குள் போகும் அளவைச் சொல்ல முடியுமா?" இங்கே ஊர் அதேதான். ஆனால் அந்த ஊரை ஏன் எடுத்தோம் என்பதற்குக் காரணம் வந்துவிட்டது. (இது விளக்கத்துக்காக நான் கற்பித்த உதாரணம். நீங்கள் எழுதும்போது முந்தைய ஆய்வுகள் எதை அளந்தன என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.)

இது வெள்ளைக்காரர்களின் முறை, நமக்கு ஒட்டாது என்று ஒரு ஸ்காலர் என்னிடம் சொன்னார். ஆனால் பாயிரத்தில், அதாவது நூலின் முன்னுரையில், காட்ட வேண்டியவை என்று நம் பழைய இலக்கண நூலான நன்னூல் தரும் எட்டில் வழி, எல்லை, நுதலிய பொருள் (சொல்ல வந்த பொருள்), பயன் எல்லாம் இருக்கின்றன. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது. எக்ஸாமினர் என்னிடம் கேட்டது அந்தக் காரணத்தைத்தான்.

இன்னொன்று: மூன்று நகர்வுகளும் ஒரு தடவை வந்து முடிந்துவிட வேண்டியதில்லை. டேவிட் பண்டன் என்ற ஆய்வாளர் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் 45 முனைவர் ஆய்வேடுகளின் முன்னுரைகளைப் படித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நகர்வுகள் சுழன்று சுழன்று வருவதைக் காட்டினார். முப்பது பக்க முன்னுரையில் இருபத்தெட்டாம் பக்கம் வரை களத்தை மட்டுமே காட்டிவிட்டு, கடைசி இரண்டு பக்கத்தில் குறையைச் சொன்னால், அதுவரை படிக்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு வருவார்?

வினையைக் கடைசியில் வைப்பது

தமிழில் "2015 முதல் மூன்றாண்டுகள் பன்னிரண்டு கிராமங்களின் கிணறுகளிலிருந்து பருவந்தோறும் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் ஃபுளோரைடு அளவு ஆராயப்பட்டது" என்று எழுதினால் யாருக்கும் மூச்சு முட்டாது. வினை கடைசியில் வரும் என்று நம் காது காத்திருக்கும். இதே அடுக்கை ஆங்கிலத்தில் போட்டால் எழுவாயே மூன்று வரிக்கு நீளும். அதற்கப்புறம் "ஆராயப்பட்டது" என்பது மட்டும் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் படிக்கிறவர் வினையைச் சீக்கிரம் எதிர்பார்க்கிறார். யார், என்ன செய்தார் என்பதை முதலில் வையுங்கள். ஆண்டு, கிராமம், பருவம் எல்லாம் பின்னால் வரட்டும்.

அவையடக்கம்

பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டது காப்பியத்துக்கு அழகு. ஆங்கில ஆய்வேட்டில் "ஒரு சிறு முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது" என்றால், வேலை முடியவில்லையோ என்றுதான் தோன்றும். செய்ததைச் செய்தேன் என்றே எழுதுங்கள்.

பிறர் வாக்கியங்களைத் தைப்பது

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் நல்ல ஆங்கிலத்தில் உள்ள ஆய்வேட்டைத் திறந்து, வரிக்கு வரி சொல்லை மாற்றிக்கொள்வது. ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாததால் வரும் பழக்கம் இது, எனக்குப் புரிகிறது. ஆனால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். "இதற்கு மாறாக", "இதுவரை தெளிவாகாதது" போன்ற இணைப்புத் தொடர்களை யாரிடமிருந்தும் எடுக்கலாம். அவற்றுக்கு நடுவில் வரும் கருத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

அகராதி விளக்கத்தோடு தொடங்குவது

வேண்டாம்.

முதலில் எழுதி மூடிவைப்பது

கடைசி அத்தியாயம் முடிந்த வாரமே முன்னுரையை அச்செடுத்து, அதில் சொன்ன ஒவ்வொரு நோக்கத்துக்கும் பக்கத்தில் விடை இருக்கும் பக்க எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். எண் எழுத முடியாத நோக்கத்தை அடித்துவிடுங்கள்.