செலவு செய்தால் இருப்பு ஏறுமா? ஏபிஎல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏபிஎல் என்ற நிரல்மொழியைக் கற்க வருகிறவர்கள் அதன் குறியீடுகளைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். அது தானாகப் பழகிவிடும். கீபோர்டு அமைப்பு, விட்டுப்போன அடைப்புக்குறி மாதிரி சங்கதிகளையும் இங்கே தொடப்போவதில்லை. எரர் வரும், திருத்திக்கொள்வீர்கள். எரரே வராமல் தப்பான விடை வருவதுதான் தொல்லை. நான் விழுந்த குழிகளிலேயே புதியவர்களும் வரிசையாக விழுவதால் இதை எழுதுகிறேன்.

## ஸ்கேனை ஓடும் இருப்பு என்று நம்புவது

பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் கைச்செலவுக் கணக்குப் போட்டார். முதலில் இருப்பு, பிறகு செலவுகள். பட்டியலின் ஒவ்வொரு முன்பகுதிக்கும் ஒரு விடை தரும் \ குறிதான் ஸ்கேன். -\1000 200 என்று சோதித்தார். 1000 800 வந்தது. திருப்தியாகி, முழுப் பட்டியலையும் கொடுத்தார்:

-\1000 200 300 100
1000 800 1100 1000

"அண்ணே, செலவு பண்ணப் பண்ண இருப்பு ஏறுதே, டயலாக்ல ஏதும் கோளாறா?"

டயலாக் என்ற ஏபிஎல் மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. ரெடியூஸ் (பட்டியலை ஒற்றை விடையாகச் சுருக்கும் / குறி) செய்வது ஒன்றே ஒன்று: உறுப்புகளுக்கு நடுவே அந்த ஃபங்ஷனை எழுதிவிடும். பிறகு ஏபிஎல் வழக்கப்படி வலமிருந்து கணக்கு நடக்கும். -/1 2 3 4 5 என்றால் 1-(2-(3-(4-5))), விடை 3. ஸ்கேன் ஒவ்வொரு முன்பகுதியையும் புதிதாக இப்படி ரெடியூஸ் செய்கிறது. மூன்றாவது இடத்தில் இருப்பது 1000-(200-300). முன்பு வந்த 800-ஐ அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூட்டல், பெருக்கல், ⌈ (இரண்டில் பெரியது), ⌊ (இரண்டில் சிறியது) ஆகியவற்றில் எந்தப் பக்கமிருந்து போனாலும் ஒரே விடை என்பதால், இந்தத் தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியாது. இரண்டே உறுப்பு வைத்துச் சோதிப்பவருக்கு எப்போதுமே தெரியாது.

இதற்குத் தீர்வு எளிது. 1000-+\200 300 100 என்று எழுதினால் 800 500 400. ஆனால் எல்லோரும் முதலில் ஓடுவது, இடவல மதிப்புகளை இடம் மாற்றிப்போடும் ⍨ பக்கம். அதை மட்டும் போட்டுப் பயனில்லை, பட்டியலையும் திருப்ப வேண்டும்: -⍨/⌽1000 200 300 100 போட்டால் 400 வரும். அதுவும் கடைசி இருப்பு மட்டும்தான்.

இன்னும் எரிச்சலூட்டுவது, வட்டி சேர்த்துத் தவணை கழிக்கும் கணக்கைச் சொந்த ஃபங்ஷனாக எழுதி ஸ்கேனில் மாட்டுவது. முன்பகுதி ஒவ்வொன்றுக்கும் கணக்கு முதலிலிருந்து ஓடும். ஆயிரம் உறுப்புக்கு 4,99,500 அழைப்புகள். விடையும் தப்பு, வேகமும் போச்சு. ஒரு நிலையிலிருந்து அடுத்தது பிறக்கிற கணக்கென்றால் பேசாமல் லூப் எழுதுங்கள். ஏபிஎல்லில் லூப் எழுதுவது பாவம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

இந்த நடத்தை வீண் என்றும் சொல்லிவிட முடியாது. -/ தானாகவே கூட்டல் கழித்தல் மாறிமாறி வரும் தொகையைத் தருகிறது. கேரளக் கணிதவியலாளர் மாதவர் கண்ட தொடரை 4×-/÷1 3 5 7 9 11 என்று எழுதி, பட்டியலை நீட்ட நீட்ட πயை நெருங்கலாம்.

வேறு மொழிக்குப் போகும்போது மறுபடி பாருங்கள். கே மொழியில் இதே -/1 2 3 4 5 இடமிருந்து போய் -13 தரும். பிக்யூஎன் மொழியில் ஃபோல்டு (ரெடியூஸுக்கு அங்கே பெயர்) வலமிருந்து போகும், ஸ்கேன் இடமிருந்து போகும். ஒரே மொழிக்குள் இரண்டு திசை.

## வெறும் பட்டியல், ஒற்றை உறுப்பு

⍬ என்பது வெறும் பட்டியல். +/⍬ என்றால் 0, ×/⍬ என்றால் 1. ⌊/⍬ போட்டால் டயலாக் ஏறக்குறைய 1.8×10³⁰⁸ தரும், சரக்கே இல்லாத நாளின் குறைந்தபட்ச விலையாக அது ரிப்போர்ட்டில் போய் உட்காரும். சொந்த ஃபங்ஷன் என்றால் டொமைன் எரர், அதாவது தப்பித்தீர்கள். ஒரே ஓர் உறுப்பு இருந்தால் ஃபங்ஷன் கூப்பிடப்படவே மாட்டாது. ரவுண்ட் செய்வதை அதற்குள் ஒளித்து வைத்திருந்தால் அதுவும் நடக்காது.

## / எந்த அச்சில்?

ஏபிஎல்லில் +/ கடைசி அச்சு (மேட்ரிக்ஸில் ஒவ்வொரு வரிசையையும் கூட்டும்), +⌿ முதல் அச்சு (ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டும்). ஜே மொழியில் +/ முதல் அச்சு. சதுர மேட்ரிக்ஸ் வைத்துச் சோதிக்காதீர்கள், வடிவம் காட்டிக்கொடுக்காது.

## ⍤1 பக்கத்தில் எண்கள்

⍤1 ஒரு ஃபங்ஷனை வரிசை வரிசையாக இயக்கும். பக்கத்தில் எண்கள் வந்தால் அந்த 1 அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் ⊢ வையுங்கள்.

## +¨

¨ ஃபங்ஷனை உறுப்பு உறுப்பாக இயக்கும். கூட்டல் அதைத் தானாகவே செய்கிறது, + போதும்.