இலங்கையை அறிய வேண்டுமா? மழையிலிருந்து தொடங்குங்கள்

இலங்கைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எங்கெல்லாம் போகலாம்?" என்றுதான். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் போகும் மாதத்தில் எந்தப் பக்கம் மழை, எந்தப் பக்கம் வெயில் என்று பாருங்கள். மொத்தமே 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி அளவுதான், ஆனால் இரத்தினபுரியில் வெள்ளம் என்று செய்தி வரும் அதே வாரத்தில் மட்டக்களப்புப் பக்கம் மண் வெடித்துக் கிடக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் விவசாயி ஏன் இப்போது விதைக்கிறார், மீனவர் ஏன் ஊரைவிட்டுப் போனார், யானை ஏன் அங்கே நிற்கிறது என்பதெல்லாம் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கணக்கு சுலபம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். மலையைத் தாண்டும்போதே ஈரத்தை இறக்கிவிடுவதால் கிழக்கே அது வறண்ட காற்றாகத்தான் போய்ச் சேரும், மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் என்று பெயர். அக்டோபர் வாக்கில் இருந்து வடக்குக்கும் கிழக்குக்கும் மழை, பெரும்போகம் என்னும் முக்கிய நெற்பருவத்தின் விதைப்பும் அப்போதுதான். மற்ற நெற்பருவமான சிறுபோகம் முக்கால்வாசி குளத்துத் தண்ணீரை நம்பித்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் நானுஓயாவிலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல, 1,891 மீட்டரில், வழியில் வரும். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலுமாக உள்ளே நுழைகிற ரயில், பல நாட்களில் அந்தப் பக்கம் ஒஹியவில் நல்ல வெயிலில் வெளியே வரும். மலைப்பாதை என்பதால் மண்சரிவில் அடிக்கடி தடைப்படும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குளம். வறண்ட வலயத்தில், அதாவது தென்மேற்கு மழை சரியாக எட்டாத வடக்கு, கிழக்குப் பக்கத்தில், ஒரு மாலையாவது குளக்கட்டில் நடக்காமல் திரும்பாதீர்கள். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரம சமுத்திரம் பிரமாண்டம்தான், மறுக்கவில்லை, ஆனால் கற்றுக்கொள்ள ஏற்றது அனுராதபுரம், வவுனியாப் பக்கமுள்ள ஏதாவது ஒரு சின்ன ஊர்க்குளம். கட்டின்மேல் நின்று பாருங்கள்: மேல்புறம் காடு, நடுவே நீர், கீழ்ப்புறம் வயல், வயலில் இருந்து வடிகிற மிச்ச நீர் அதற்கும் கீழே இன்னொரு குளத்துக்கு. ஒரே பள்ளத்தாக்கில் இப்படிக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்தாற்போல இருக்கும். பழைய பெருங்குளங்களில் கட்டுக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரு சதுரக் குழியைத் தேடிப் பாருங்கள், சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். ஆழத்திலிருந்து அழுத்தத்தோடு பாய்ந்து வரும் நீரை அங்கே தணித்து வெளியே விடுவார்கள், கட்டு உடையாமல் காப்பது அதுதான். (குளிக்க ஆசை வந்தால் ஊரார் குளிக்கும் துறையில் மட்டும் இறங்குங்கள், குளங்களில் முதலை உண்டு.)

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை அப்படியே மாறும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு அங்கே கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலம், மழைநீர் அதனுள் இறங்கி அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாக நிற்கிறது, கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். அந்தச் செம்மண் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே யாராவது கிணற்றடியில் நின்றால் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பேச்சு தானாக நீளும்.

மனிதர்களைத் தெரிந்துகொள்ளவும் இதுதான் வழி என்பேன், தொழிலைப் பற்றிக் கேட்பது. மக்களில் நான்கில் மூன்று பங்கு சிங்களவர். அப்புறம் இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர். சிறிய எண்ணிக்கையில் ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர், மலாயர், பழங்குடிகளான வேடர். எல்லாரையும் நாலு வரியில் அடக்கிவிடப் பார்க்காதீர்கள். கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர்கள் இருக்கிறார்கள், மட்டக்களப்பில் போர்த்துக்கேயம் கலந்து உருவான கிரியோல் மொழி தெரிந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தங்குவது நெடுங்கால வழக்கம், அதனால் முல்லைத்தீவுக் கரையில் சிங்களம் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். உள்ளூர் மீனவர்களுக்கு இதில் மனக்குறையும் உண்டு, இரண்டு பக்கத்தையும் கேளுங்கள்.

தேயிலை மலைக்குப் போனால் பச்சையைப் பார்த்து மயங்குவதோடு நிறுத்தாதீர்கள். முதலில் அங்கே காப்பிதான். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் அதை அழித்தது, அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறியவர்களின் வாரிசுகள்தான் இன்று கொழுந்து எடுப்பவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அதைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த அம்மாக்களை வெறும் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அனுமதி கேட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள், தராசுப் பக்கத்தில் நடக்கிற வாக்குவாதத்திலேயே நிறைய புரியும்.

வடக்கிலும் கிழக்கிலும் போரைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். 2009இல் முடிந்தது என்பது நமக்குத்தான் ஒரு தேதி. அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சரி, விலங்குகள். இங்கேயும் மழைக் கணக்குதான். ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளம் வற்ற வற்ற, கரையில் புதுப் புல் முளைக்கும், அதற்காக யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஆனால் சில ஆண்டுகளாக மேலேயுள்ள நீர்த்தேக்கத்தின் தண்ணீரும் வருவதால் குளம் சரியாக வற்றாத வருடங்கள் உண்டு, அப்போது யானைகள் பக்கத்துக் கவுடுல்லைக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். ஜீப் பேசும்போதே "இன்றைக்கு எங்கே நிற்கின்றன?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். தந்தம் எங்கே என்று தேடாதீர்கள், இங்குள்ள ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை.

சிறுத்தைக்கு எல்லாரும் யாலவுக்கு ஓடுவார்கள், ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப் வரிசை கட்டி நிற்கும். எனக்கு வில்பத்துதான் பிடிக்கும்: மழைநீர் தேங்கி நிற்கும் வில்லுகள், நடுவே நீண்ட அமைதி, சிறுத்தை வராவிட்டாலும் நாள் வீணாகாது. மன்னாரில் பூநாரைகளைப் பார்க்க வடகிழக்குப் பருவ மாதங்கள். நீலத்திமிங்கிலத்துக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, அதற்குப் பிறகு திருகோணமலை. சிங்கராஜக் காட்டில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரைதேடி நகரும், வழிகாட்டி காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் நீங்களும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இரத்தம் குடிக்கும் அட்டைகளிடமிருந்து தப்ப அட்டைக் காலுறை அவசியம்.

யானைகளில் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியேதான் நடமாடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வயலோரம் மரத்தில் ஒரு பரண் தெரிந்தால் இரவில் அங்கே ஒருவர் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். விதைத்ததும் மின்வேலி கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றி யானைக்கு வழிவிடும் ஊர்களும் இருக்கின்றன, வாய்ப்புக் கிடைத்தால் அப்படியொரு ஊரைப் போய்ப் பாருங்கள். புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் சாலையில் பழம் கொடுத்தே பழக்கிவிட்டதால் வண்டியை மறித்து நிற்கும் யானைகள் உண்டு. ஒன்றும் கொடுக்காதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூரத்திலேயே நிறுத்துங்கள், உள்ளூர் பஸ் ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே போய்விடுங்கள்.