ஸ்க்ளீரோடெர்மா ஆய்வு: எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்?

போன வாரம் ஒரு தம்பி தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். ஆய்வுக்காக சியோலுக்கு வந்திருக்கும் தமிழ் மருத்துவர். கொரியாவின் சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ், அதாவது உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஸ்க்ளீரோடெர்மா, நோயாளிகளின் உயிர்வாழ்வுக் கோடு (வருடம் போகப் போக எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டுவது) திரையில் இருந்தது. முதல் நான்கு வருடம் மேசைப் பலகை மாதிரி சமமாக ஓடி, அதற்கப்புறம்தான் இறங்கியது. "அண்ணா, முதல் நாலு வருஷம் யாருமே சாகலை, பாருங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கோட்டை, இதே தவறோடு நானும் வரைந்திருக்கிறேன்.

இந்த மாதிரி ஆய்வுகளில் எளிதில் கண்ணில் படாத தவறுகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தட்டச்சுப் பிழை, வயதைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

எண்ணத் தொடங்கும் நாள்

தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் முதலில் வருவது ரேனோ: குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். சியோலில் ஜனவரி என்றாலே பூஜ்யத்துக்குக் கீழேதான். குளிர்தானே என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் விரல் வீங்கும், மோதிரம் கழலாது, தோல் இறுகும், படி ஏறினால் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகுதான் மருத்துவமனை.

விளக்கத்துக்காக ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். ரேனோ 2001-இல். தோல் இறுகியது 2006-இல். மருத்துவமனையில் பதிவு 2008-இல். இறப்பு 2013-இல். ரேனோவிலிருந்து எண்ணினால் 12 வருடம் வாழ்ந்தார். தோலிலிருந்து எண்ணினால் 7. பதிவிலிருந்து எண்ணினால் 5. முதல் கணக்கில் அவர் "பத்து வருடம் தாண்டியவர்". மற்ற இரண்டிலும் தாண்டாதவர். மூன்று கட்டுரைகள் மூன்று நாளைப் பிடித்துக்கொண்டால், அவற்றின் பத்து வருட விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 2006-லிருந்து எண்ணினால், 2006-க்கும் 2008-க்கும் இடையில் அவர் இறந்திருக்கவே முடியாது. இறந்திருந்தால் நம் பதிவேட்டில் அவர் பெயரே இருக்காது. தோல் வேகமாகப் பரவி, நுரையீரலோ இதயமோ பாதிக்கப்பட்டு, பெரிய மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே போய்விட்டவர்கள் நம் அட்டவணையில் இல்லை. தம்பியின் கோடு சமமாக ஓடியதற்கு அதுதான் காரணம். நோயின் ஆபத்தான ஆரம்ப வருடங்களை அந்தக் கோடு பாதுகாப்பானவையாகக் காட்டியது. அதை நம்பி ஒரு மருத்துவர் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பினால்?

என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர் கேட்டது ஒரே கேள்வி: "முதல் இரண்டு வருடங்களில் இறந்தவர்கள் எங்கே?" பதில் இல்லை. பழைய கோப்புகளை எடுத்து, முதல் வருகைக் குறிப்புகளை வரி வரியாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் மூன்று தேதிகளை மறுபடி எழுதினேன். ஏழு மாதம் போயிற்று. இன்றைக்கும் ஒரே ஒரு "நோய் தொடங்கிய தேதி" இருக்கும் அட்டவணையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்வது? ரேனோ அல்லாத முதல் அறிகுறியைத் தொடக்கமாக வையுங்கள். ஆனால் நோயாளியை அவர் பதிவான நாளில்தான் கணக்கில் சேருங்கள். மேலே சொன்ன பெண் முதல் இரண்டு வருடத்தின் வகுக்கும் எண்ணில் வரக்கூடாது. இரண்டாம் வருட முடிவில்தான் உள்ளே வர வேண்டும். புள்ளியியல் மென்பொருள்களில் இதற்கு வசதி இருக்கிறது, நுழைவுத் தேதி என்று ஒரு பத்தி கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

வராமல் போனவர்

இடையில் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொரியாவில் 13 இலக்க வசிப்பிடப் பதிவு எண் உண்டு. உரிய அனுமதியோடு அரசின் இறப்புப் பதிவுடன் இணைத்துப் பார்க்கலாம்.

மேற்கத்திய எண்ணோடு நேரடி ஒப்பீடு

இந்த நோயாளிகளின் ரத்தத்தில் உடலின் சொந்தப் பொருள்களையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கும். கிழக்காசிய நோயாளிகளிடம் அவற்றில் ஆன்டி-சென்ட்ரோமியர் என்ற வகை குறைவு, டோப்போஐசோமெரேஸ் எதிர்ப்பொருள், அதாவது எஸ்.சி.எல்-70, அதிகம். நுரையீரல் தழும்பு இந்த இரண்டாவது வகை உள்ளவர்களிடம்தான் கூடுதல். எதிர்ப்பொருள்வாரியாகவும், தோல் பரவல்வாரியாகவும் பிரிக்காமல் நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது நாட்டையா, கலவையையா என்று உங்களுக்கே தெரியாது. அத்துடன் யாருக்கு இந்த நோய் என்று முடிவு செய்யும் 1980 வரையறையில் சேர்ந்தவர்களையும் 2013 வரையறையில் சேர்ந்தவர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பழையது லேசான நோயாளிகள் பலரைத் தவறவிட்டது. இன்னொன்று, நாடெங்கிலுமிருந்து ரயிலேறி சியோலின் பெரிய மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் நோய் முற்றியவர்கள் அதிகம். அவர்கள் கொரியா முழுமைக்கும் மாதிரி ஆகமாட்டார்கள்.

ஊதல் சோதனை மட்டும்

போதாது. எஃப்.வி.சி., அதாவது முழு மூச்சு இழுத்து வெளியே ஊதும் காற்றின் அளவு, இயல்பாக இருந்தும் சி.டி.யில் நுரையீரல் தழும்பு தெரிவதுண்டு.

ஸ்டீராய்டு

சிறுநீரக நெருக்கடி (ரத்த அழுத்தம் திடீரென ஏறி சிறுநீரகம் செயலிழப்பது) கொரியாவில் அரிது, அதனால் ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சைக் கேட்டிருக்கிறேன். அரிது என்பது அட்டவணையின் சொல், அது வந்த நோயாளிக்கு அதில் ஆறுதல் இல்லை. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை தினம் 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு நெருக்கடி கூடுகிறது என்பது 1998-லேயே வெளியான விஷயம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

தம்பி நேற்று புதுக் கோட்டை அனுப்பினார். முதல் வருடத்திலேயே இறங்குகிறது. கீழே ஒரு வரி: "அண்ணா, மூணு தேதியும் கிடைக்காத கோப்பு பதினொண்ணு இருக்கு, என்ன பண்றது?" நாளைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து அவற்றைப் படிக்கப் போகிறோம்.